மண் சலித்த நாள்

மாகம் பிறந்த அன்று எங்கள் நாகர்
ஊரைவிட்டுப் போனார்.
மேலே, இந்திரன் சபையில் ஆண்டுக் கணக்கு.
அவர் முகத்தில் ஈரமண் அப்பி
கதவைச் சாத்தியவன் நான். சாவி என்னிடம்.
பூட்டிய கோவிலிலிருந்து எப்படிப் போனார்
என்று என்னைக் கேட்காதீர்கள்.

அதன்பின் நாற்பத்திரண்டு நாள்
பஷேலில் சத்தம் கிடையாது.
விறகு பிளப்பதில்லை. நிலம் கொத்துவதில்லை.
பசுக்களின் கழுத்துமணிகள்
மாவுப் பெட்டிக்குள் படுத்திருக்கும்.
குக்கரின் விசிலை தேபு கழற்றி ஒளித்துவிட,
வேகாத ராஜ்மா பல்லில் இடறும்.
டிவியில் செய்தி வாசிப்பவள்
மீனைப்போல வாய் திறந்து மூடுவாள்.
பனி மட்டும் விதியை மீறும்:
தேவதாருக் கிளையிலிருந்து தொப்பென்று.
உடனே எல்லோரும் கோவிலைப் பார்ப்போம்.

கல் ஒரு வரிசை, மரம் ஒரு வரிசை,
சாந்தில்லை, ஆணியில்லை.
பாண்டவர் கட்டியது என்பார் கார்தார்;
பாண்டவருக்கும் மூத்தது என்பாள் அவர் மனைவி.
நிலம் நடுங்கிய வருடம் பள்ளிக்கூடம் விழுந்தது.
இது தோளைக் குலுக்கிவிட்டு நின்றுகொண்டது.

போன வருடம், திறக்கும் நாள்.
நரசிங்கக் கொம்பில் குளிர் ஒட்டி
ஜீத் ராமின் உதட்டில் ரத்தம்.
நாகரின் முகத்து மண்ணை உதிர்த்து
ஊர் பார்க்கச் சலித்தேன்.
தானியம் வந்தால் விளைச்சல்.
கரி வந்தால் தீ.
முடி வந்தால் சாவு.

ஆப்பிள் இலை வந்தது. கார்தார் எழுதினார்.
பார்லி, இரண்டு. எழுதினார்.
பிறகு அது.
நீளமாக, பாதிவரை கருப்பு,
மீதி மருதாணிச் சிவப்பு.

கட்டைவிரலை அதன்மேல் வைத்தேன்.
"பூவிதழ்" என்றேன், "ஒன்று."
என் குரலை நானே திரும்பிப் பார்த்தேன்.
மேளம் வெடித்தது. பெண்கள் பக்கம்
தேபுவும் கைகூப்பி நின்றாள்,
பட்டுக் கம்பளியின் வெள்ளி ஊசி மின்ன.

சாமி வந்து நடுங்கிக்கொண்டிருந்த துளே ராம்,
தொப்பி விழுந்து, சடை அவிழ்ந்து,
ஒவ்வொருவராகத் தாண்டி வந்தவன்
என் முன்னால் நின்றான்.
"எழுதியாகிவிட்டதா?" என்றான்.
அவன் கேட்டானா, அவர் கேட்டாரா.
ஆகிவிட்டது என்றேன்.

பத்து ரூபாய் நோட்டில் சுற்றி
முடியைத் தொப்பி மடிப்பில் செருகினேன்.
பனி உருகிய பிறகு
கூரூவின் கோவேறு கழுதை சரிவில் உருண்டது.
கழுதை கணக்கில் சேருமா?
ஆடியில் ஆறு பாலத்தைக் கொண்டுபோனது,
பாலத்தில் யாரும் இல்லை.
பாத்ரபதத்தில் தேபுவுக்குக் காய்ச்சல்.
பதினோரு நாள்.
பத்தாம் இரவு கோவில் வாசலில் உட்கார்ந்து
சொல்லிவிடுகிறேன், சொல்லிவிடுகிறேன் என்றேன்.
மறுநாள் ஆஸ்பத்திரியில்
மூன்றாவது பாட்டில் ஏறி முடிந்ததும்
எழுந்து உட்கார்ந்து ஊறுகாய் கேட்டாள்.
நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மறுபடி மாகம்.
முற்றத்தில் மண் பிசைகிறாள் தேபு,
ஒவ்வொரு வருடமும் பிசைபவள் அவள்தான்,
தலையில் துணி கட்டாமல்.
குனியும்போதெல்லாம் பின்னல் நுனி
மண்ணைத் தொட்டு எழுகிறது.
இருபது வருடம் பக்கத்தில் நின்றும்
இதை நான் பார்த்ததில்லை.

சிரிப்பு வந்தது. கால் நடுங்கியது.
அவளுடையதுதான், பிசையும்போது விழுந்தது, அவ்வளவுதான்.
அவ்வளவுதான் என்றால்
மற்ற பத்தொன்பது வருடமும் ஏன் விழவில்லை?

உள்ளே போய்த் தாளிட்டேன்.
நோட்டைப் பிரித்து, முடியை எடுத்து,
அவர் முகத்து ஈரத்தில்
வலது கண்ணுக்குக் கீழே அழுத்தினேன்.
நீரே வைத்துக்கொள்ளும்.
அல்லது மறுபடி கேளும்.

இன்று பத்தொன்பதாம் நாள்.
எங்கோ ஒரு கிளை பனியை உதறுகிறது.
ராஜ்மாவில் பல்லை வைத்தபடி
தேபு கோவிலைப் பார்க்கிறாள்.
நான் அவளைப் பார்க்கிறேன்.